ஸ்டெபனி எழும்பி நின்றால் பிரெஞ்சு

கனடாவின் ஸ்காபரோவில், மல்வேர்னில் இருந்து காலையில் புறப்படும் பஸ்ஸில் இருக்கை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இருக்கையை ஒருத்தி தானாகவே விட்டுவிட்டு எழும்புகிறாள் என்றால் அது ஸ்டெபனியாகத்தான் இருக்கும். கைபேசி அடித்தால் போதும். கோப்பிக் கோப்பையைப் பக்கத்தில் இருக்கும் தோழி சுபாங்கியின் கையில் திணிப்பாள், கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்வாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். பிறகுதான் பேச்சு. முதல் இரண்டு வசனமும் தமிழ்: "ஓம் அன்ரி, விளங்குது. போனை அவவிட்டைக் குடுங்கோ." அடுத்த கணம் "போன்ஜூர் மதாம்" என்று தொடங்கி மடமடவென்று பிரெஞ்சு. பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் ஒருவரையும் பார்க்க மாட்டாள்.

"இருந்துகொண்டு கதைச்சா என்னடி? போனிலை அவைக்குத் தெரியவா போகுது?" என்று சுபாங்கி கேட்காத நாளில்லை.

"தெரியும். குரலிலை தெரியும். ட்ரை பண்ணிப் பாத்திட்டுத்தான் சொல்லுறன்."

ஸ்டெபனிக்கு இருபத்தொரு வயது. ஆள் கட்டை, குரல் நெட்டை. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். பிரெஞ்சு ரீச்சராக வரவேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலேயே முடிவான விஷயம், அதில் வீட்டில் யாருடைய அபிப்பிராயத்தையும் அவள் கேட்கவில்லை. அவளுடைய முதுகுப்பையில் அவள் வயதுப் பெண்கள் வைத்திருக்கும் சாமான்கள் குறைவு. ஒரு ஸ்ரேப்ளர், மூன்று கறுப்புப் பேனை, தடித்த பிளாஸ்ரிக் உறை ஒன்று. உறைக்குள் பிரான்சில் வாழும் மூன்று குடும்பங்களின் பத்திரப் பிரதிகள். அப்பா மாக்கஸ் அஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். "எங்கட வீட்டிலை ஒரு தூதரகம் நடக்குது, வாடகைதான் தருகினமில்லை" என்பார்.

இந்தத் தூதரகம் திறந்த கதை சுவையானது. கடந்த மார்ச் மாதம், ஆசிரியர் பயிற்சிக்கான வாய்மொழித் தேர்வில் ஸ்டெபனி தவறிவிட்டாள். மற்றப் பாடங்களில் அவளை அசைக்க முடியாது. எழுத்தில் புலி. ஆனால் வாயைத் திறந்ததும் பாடப்புத்தகம் பேசியது. தேர்வு வைத்த நரைமுடி அம்மையார் கடைசியில் எழுதிய குறிப்பு ஒரே ஒரு சொல்: மனப்பாடம். செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அவ்வளவுதான், மூன்றாம் தடவை என்று ஒன்று கிடையாது. ஏழாம் வகுப்பில் எடுத்த முடிவு காற்றோடு போய்விடும்.

அழுதுகொண்டு இருக்கிற ஆளா அவள்? கோடை முழுவதும் தென் பிரான்சில் சுற்றுவது, பிரெஞ்சுக்காரர்களோடு தங்குவது, ஆறு கிழமை தமிழே பேசாமல் இருப்பது என்று திட்டம் போட்டாள். தேர்வில் தவறியதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. "றிசல்ட் பிறகு வரும்" என்று மழுப்பினாள். அம்மா றஜிதா திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. ஆனா ஒவ்வொரு ஊரிலையும் எங்கட ஆக்கள் வீட்டிலைதான் படுக்கிறது. கண்ட கண்ட இடத்திலை என்ரை பிள்ளை நிக்க ஏலாது."

மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் கலைவதற்குள் றஜிதா பயணத்தை முழுதாக ஒழுங்கு செய்துவிட்டார். மார்செயில் அருள்மலர் அன்ரி, நீமில் இக்னேசியஸ் அங்கிள், துலூஸில் பேர்ணடெற் அன்ரி. மொன்பெலியேயில் தெரிந்தவர்கள் எவரும் இல்லை, ஆகவே மொன்பெலியேயும் இல்லை. அந்த அழகான நகரத்தை ஸ்டெபனி ரயில் மேடையில் நின்று பதினெட்டு நிமிடம் பார்த்தாள். பெட்டியில் பாதி உடுப்பு, மீதி ஸ்காபரோவில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய அநியாயம் வேறு. மகள் தவறியது தெரியாத அந்தத் தாய், மூன்று வீட்டுக்கும் முன்கூட்டியே போன் போட்டு, "பிள்ளை பிரெஞ்சைக் கரைச்சுக் குடிச்சிருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் சனத்துக்கு இப்படி ஒரு செய்தி கிடைத்தால் என்ன செய்வார்கள்? கடிதங்களை எடுத்து வைப்பார்கள். மார்செயில் அருள்மலர் அன்ரி சோற்றைப் போட்டுக் கையோடு ஒரு பிஸ்கற் ரின்னையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ரின்னுக்குள் ஏழு மாதக் கடிதங்கள், பாதி உடைக்காதவை. "நீ வருவாயெண்டு வைச்சிருந்தனான் பிள்ளை. முதல் சாப்பிடு." பல் வைத்தியருக்கும் காப்புறுதிக்காரருக்கும் நடுவில் மூன்று நாள் ஓடியது. மார்செயின் கடலை அவள் இரண்டு அலுவலகங்களுக்கு இடைப்பட்ட ஒரு சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள்.

நீமிலும் அதே கதைதான். ஊர் நடுவில் உரோமர் கட்டிய அரங்கு இரண்டாயிரம் வருடமாகக் கல் பெயராமல் நிற்கிறது. இக்னேசியஸ் அங்கிளின் குளியலறைச் சுவரோ பஞ்சுபோல் ஊறிக் கிடந்தது. வீட்டுக்காரரோடு வாதாடப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் ஸ்டெபனி அந்த அரங்கைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வேகமாகப் பேசினார். அவளுக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை வைத்தே சண்டை பிடித்தாள். சுவர் திருத்தினார்கள். அங்கிள் அந்தச் சந்தோஷத்தில் போன் எடுத்து, "பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைச்சிருக்கலாம் றஜிதா" என்று சொன்னதுதான் தாமதம், மல்வேர்ன் முழுக்கப் பெருமை பரவியது. தவறிய பிள்ளையை அல்லவா எல்லோரும் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்!

துலூஸுக்கு வந்தபோது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பேர்ணடெற் அன்ரி பத்தொன்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறார், பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. மெல்லிய மனுசி, கதைப்பதும் மெல்ல. அவரிடம் பிஸ்கற் ரின் இல்லை. ஒழுங்காக அடுக்கிய ஒரு கோப்பு இருந்தது. வதிவிட அட்டை முடியப் போகிறது, புதிய அட்டை இல்லாவிட்டால் வேலை போய்விடும். அவ்வளவுதான் பிரச்சினை. ஸ்டெபனி கோப்பைப் புரட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள். பத்திரத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்க்கவில்லை.

அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் நான்கு மணி நேர வரிசைக்குப் பிறகு கவுண்டரில் இருந்த பெண் மின்சாரப் பற்றுச்சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். விலாசம் சரி. பெயர் வேறு. "இந்த அன்ட்ரூ யார்? இவர் வரவில்லையா?"

ஸ்டெபனி திரும்பினாள். "அன்ரி, பில் அங்கிளின்ரை பேரிலையெல்லோ கிடக்குது. அவர் செத்து ரெண்டு வருசம். ஏன் மாத்தேல்லை?"

பேர்ணடெற் அன்ரி கவுண்டர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாத்தினா, அவர் இல்லையெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரிப் பிள்ளை. அவரின்ரை பேருக்கு வேறை கடிதமும் வாறேல்லை. இது ஒண்டுதான் வாறது."

பின்னால் அறுபது பேர் நின்றார்கள். கவுண்டர்ப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவரை நாற்காலியில் இருந்து பேசிக்கொண்டிருந்த ஸ்டெபனி அப்போதுதான் எழும்பினாள். ஏன் எழும்பினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கையையும் கவுண்டரில் ஊன்றினாள். அன்ரி சொன்னதை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த வசனம் இல்லை. காலம் குழம்பியது, ஆண்பால் பெண்பால் குழம்பியது. நிறுத்தவில்லை. கவுண்டர்ப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

சட்டம் சட்டம்தான். அன்றைக்கு அட்டை கிடைக்கவில்லை. ஆனால் வேலை செய்ய ஒரு தற்காலிகத் தாளும், ஒக்ரோபர் முதல் வியாழன் மறுபடி வர ஒரு தவணையும் கிடைத்தன. பற்றுச்சீட்டு அவருடைய சொந்தப் பெயரில் வந்தாக வேண்டும் என்று கவுண்டர்ப் பெண் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை மெதுவாகச் சொன்னாள். வரும் வழியெல்லாம் பேர்ணடெற் அன்ரி ஸ்டெபனியின் கையை விடவில்லை.

ரொறன்ரோவில் இறங்கிய அன்றைக்கே, விமான நிலையத்தில் இருந்து வரும் காரில் வைத்து அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். றஜிதா சட்டென்று திரும்பினார்.

"தவறிப்போனாய் எண்டால், அங்கை ஏன் அவ்வளவு சனமும் உன்னைப் புகழுது?"

"அதுதான் அம்மா எனக்கும் விளங்கேல்லை."

"அப்ப அந்தத் தேர்வு வைக்கிறவைக்குத்தான் ஏதோ விளங்கேல்லை" என்று றஜிதா தீர்ப்பு எழுதிவிட்டார். தாயின் கட்சி என்றைக்கும் அதுதான்.

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது தேர்வு. அதே அறை, அதே நரைமுடி அம்மையார், பக்கத்தில் புதிதாக ஒருவர். தென் பிரான்சில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஸ்டெபனி தயாராகத்தான் போயிருந்தாள். ஊதாப் பூ வயல்கள், உரோமர் அரங்கு, மார்செயின் மாலை வெயில். மூன்றாவது வசனத்தில் அம்மையாரின் பேனை தாளுக்குப் போனது. மார்ச்சிலும் அது இதே நேரத்தில்தான் போனது.

ஸ்டெபனி நிறுத்தினாள். "மன்னிக்க வேண்டும். இதெல்லாம் நான் வடிவாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு வரிசை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி நின்றாள். பிஸ்கற் ரின்னில் தொடங்கினாள். ஊறிய சுவரைச் சொன்னாள். மின்சாரப் பற்றுச்சீட்டில் அன்ட்ரூ என்ற பெயர் வந்தபோது புதியவர் குனிந்துகொண்டார். எத்தனை பிழை விட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை. நேரம் முடிந்த மணியை மூவரும் கவனிக்கவில்லை.

அம்மையார் கோப்பை மூடிய பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அந்த அம்மாவுக்கு அட்டை கிடைத்ததா?"

"இன்னும் இல்லை. வருகிற வியாழன் போகிறார்."

வெளியே காத்து நின்ற சுபாங்கி, "எப்பிடி?" என்றாள். ஸ்டெபனி தோளைக் குலுக்கினாள். "கதை கேட்டவை. மார்க்ஸ் போட்டவையோ தெரியாது." ஒரு கிழமைக்குள் மின்னஞ்சல் வரும் என்றிருந்தார்கள். அந்த ஒரு கிழமையும் அவள் கைபேசியில் வைத்த கையை எடுக்கவில்லை. குளிக்கும்போதுகூட அதைச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் என்று றஜிதா கோயிலில் சொல்லிச் சிரித்தார். புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. பாய்ந்து எடுத்தாள். துலூஸில் இருந்து படம். மின்சாரப் பற்றுச்சீட்டு, மேலே பேர்ணடெற் என்ற பெயர். கீழே அன்ரி எழுதியிருந்தது ஒரே சொல்: "மாத்திட்டன்." அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள், தேர்வுக்காக ஒரு சொட்டு விடாதவள்.

மறுநாள் வியாழன். காலை எட்டு மணி கழிந்து ஐந்து நிமிடம், துலூஸில் பகல் இரண்டு. பஸ் நிறைந்து வழிந்தது. ஸ்டெபனிக்கும் சுபாங்கிக்கும் அதிசயமாக இரண்டு இருக்கை. மின்னஞ்சல் வந்து விழுந்தது. அனுப்பியது பல்கலைக்கழகம், தலைப்பு 'அனுமதி முடிவு'. பெருவிரல் திரைக்குப் போகவும் அழைப்பு வரவும் சரியாக இருந்தது. திரை முழுக்கப் பேர்ணடெற் அன்ரியின் முகம்.

"எடியே, மெயிலைத் திறவடி! ரெண்டு செக்கன்! அன்ரி நிப்பா!" சுபாங்கி கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அன்ரி கவுண்டரிலையடி நிக்கிறா."

கோப்பிக் கோப்பை சுபாங்கியின் கைக்கு மாறியது. ஸ்டெபனி கழுத்துத் துணியைச் சரிசெய்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிமிர்ந்து நின்றாள்.