ரூபகலாவும் எங்க இறால் ஷெட்டும்

இறால் உரிச்ச கையால கண்ணைக் கசக்கியிருக்கீங்களா? கசக்கினவங்களுக்கு இந்தத் தொழிலைப் பத்தி நான் புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். மத்தவங்க தயவுசெஞ்சு கசக்கிப் பார்க்க வேண்டாம்.

கையும் வாயும்

பாப்பா தவழ ஆரம்பிச்ச சமயம், பழவேற்காடு முகத்துவாரம் மண்ணடைச்சுப் போச்சு. என் வீட்டுக்காரர் படகு கடலுக்குப் போக வழியில்லை. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் இறால் ஷெட்டுக்குக் கிளம்பினேன். பண்ணை இறால் ஐஸ் போட்டு வரும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சுத் தட்டுல போடணும். தட்டு எடைக்குத்தான் கூலி. கொஞ்ச நாள்லயே விரல் நுனியெல்லாம் வெந்து, பாப்பாவைத் தூளியில போடும்போதே எரிஞ்சுது. வேலையை விட்டா வீட்டுல உலை வைக்க வழியில்லை.

பையில ஒரு கதைப் புத்தகம் வெச்சிருந்தேன். பொன்னேரி பழைய பேப்பர் கடையில வாங்கினது, அட்டை போனது. ரூபகலான்னு ஒரு சினிமா நடிகையோட கதை: வாசல் நிறைய கார், கடலைப் பார்த்த பங்களா, ஊருக்குத் தெரியாம ஒரு கல்யாணம். டீ நேரத்துல நான் அதைப் புரட்டுறதைப் பக்கத்துல உட்கார்ற மல்லிகாக்கா பார்த்துட்டுச் சொன்னாங்க: "கைதானே வெந்துது, வாய் நல்லாத்தானே கீது? சத்தமாப் படி. உரிச்ச இறால்ல ஆளுக்கு ஒரு பிடி உன் தட்டுல போட்டுர்றோம்."

முகத்துக்கு ஐஸ்

ரூபகலா காலையில எழுந்ததும் முகத்துக்கு ஐஸ் தேய்ப்பாள்னு படிச்சேன். எங்க எதிர்வரிசை தேவியை அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றாங்க. அவள் இறால் பெட்டியிலேருந்து ஒரு கட்டியை எடுத்து, கன்னம் சிவக்கத் தேய்ச்சுக்கிட்டுப் போயிட்டாள். பவுடரும் பூவும் அந்த வாசனைகிட்ட தோத்துப் போச்சு. தேவி காபித் தட்டோட வந்து நின்னதும், வீட்டுப் பூனையும் பின்னாலேயே வந்து நின்னுதாம். மாப்பிள்ளையோட அம்மா மோந்து பார்த்துட்டுச் சொன்னாங்களாம்: "கூச்சப்படாத பொண்ணே, எங்க வூட்லயும் எல்லாருக்கும் இந்த வாசனைதான்."

கற்பூரம்

ரூபகலாவோட கார் பாலத்துலேருந்து கவிழ்ந்த இடத்துல ஒரு நாள் வேலை முடிஞ்சு போச்சு. "மீதியையும் படிடீ"ன்னு கெஞ்சினாங்க. பாப்பா பசியில கத்துறாள், நான் மூடிட்டேன். கோட்டைக்குப்பத்துக் கனகம்மா நேரா அம்மன் கோயிலுக்குப் போயிருக்காங்க. யாருக்கு வேண்டுதல்னு பூசாரி கேட்டாராம். "எங்க ஷெட்டுப் பொண்ணு, ஆஸ்பத்திரியில கிடக்குறா"ன்னு கற்பூரம் ஏத்திட்டு வந்துட்டாங்க.

மறுநாள் ரூபகலா கண்ணைத் திறந்தாள். "எப்பவோ அச்சடிச்ச புத்தகம் கனகம்மா, அவ பொழைக்கிறது அப்பவே எழுதியாச்சு"ன்னேன். அவங்க விடலை: "உனக்கு இன்னா தெரியும்? நான் மட்டும் கும்பிடலன்னா, எழுதுனவன் அவளைச் சாவடிச்சிருப்பான்."

மேஸ்திரி வந்தார்

பெத்த குழந்தையைத் தன்னோடதுன்னு சொல்ல முடியாம, ரூபகலா ஷூட்டிங்ல தூரமா நின்னு பார்க்குற இடம். ஷெட்டே அழுதுது. அத்தனை கையும் நின்னு போச்சு. ஐஸ் கரைஞ்சு தண்ணி ஓடுது. இறால் கெட்டா எங்களை வேலை வாங்குற மேஸ்திரிக்குத்தான் முதலாளிகிட்ட திட்டு. உள்ளே வந்தவர் என் காய்ஞ்ச கையையும் நிறைஞ்ச தட்டையும் பார்த்தார். "உன் வேலையை இவங்க செய்றாங்க, இவங்க வேலையை நீ கெடுக்குறே. நாளைக்கு வராதே"ன்னுட்டார். நான் புத்தகத்தை மூடிப் பையில வெச்சேன்.

மல்லிகாக்கா உட்கார்ந்த இடத்துலேருந்தே சொன்னாங்க: "போறவ இந்த அத்தியாயத்தை முடிச்சுட்டுப் போவட்டும்ணே. பாதியில வுட்டா எங்களுக்குக் கை வராது."

புத்தகத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். அடுத்த பக்கத்துல, பங்களாவை அண்ணன்காரன் ஏமாத்தித் தன் பேருக்கு மாத்திக்கிட்டது ரூபகலாவுக்குத் தெரிய வருது. நடுக்கூடத்துல நின்னு அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எங்க ஷெட்டுல இறால் தலை பறந்துது. "கிழி அவனை!"ன்னு கனகம்மா. "இன்னா நெஞ்சழுத்தம் பாரு!"ன்னு தேவி. அத்தியாயம் முடிஞ்சப்போ பெட்டி காலி, ஐஸ் மிச்சம்.

மேஸ்திரி பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். எனக்கு அப்பாடான்னு இருந்துது. இறால் உரிக்கக் கையைவிடக் கோவம்தான் முக்கியம்னு இத்தனை வருஷமா ஷெட்டு நடத்துறவருக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது போல.

கிளம்பும்போது என்கிட்ட வந்து, மத்தவங்க காதுல விழாம கேட்டார்: "நாளைக்கு ரெண்டு லோடு வருதும்மா. அழுவுற பக்கத்தைத் தாண்டிட்டு, சண்டை வர்ற பக்கமாப் பார்த்துப் படி."