பூட்டுக்கு அடியில் இருந்த தோல்

என் வீட்டுக்காரருக்கு லாரி. சொந்த வண்டி, அவரே ஓட்டுவார். கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் நாசிக், சோலாப்பூர் என்று சுற்றித் திரும்பி வர வாரங்கள் ஆகும். வாளையார் செக்போஸ்ட் தாண்டியதும் போன் வரும். அதற்கப்புறம் அடிக்கடி வீடியோ கால். எங்கே நிற்கிறாய், பக்கத்தில் யார், மாட்டுக் கட்டுத்தரைப் பக்கமும் போனைத் திருப்பிக் காட்டு என்பார். கல்யாணமான புதிதில் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் கூரியரில் பெட்டி ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு லாரிச் சாமான் என்று ஓரமாக வைத்தேன். இடுப்பைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு இரும்புப் பட்டை, கால்களுக்கு நடுவே போகிற மாதிரி இன்னொரு பட்டை, இரண்டும் சேருமிடத்தில் பூட்டு. விளிம்பெல்லாம் கறுப்பு ரப்பர். சிறுநீர் போகத் துளைகள் விட்டிருந்தார்கள்.

"நான் ஊட்ல இல்லாதப்ப இதப் போட்டுக்கோ," என்று வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து நீட்டினார் அவர். "ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. உனக்கும் இது காவல்தான்."

"யாருங்க பேசறாங்க? என்ன பேசறாங்க?"

கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. சோறு உண்ணவில்லை, என்னோடு பேசவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கடைசியில் நானே போய், இந்த ஒரு டிரிப்புக்கு மட்டும் என்று சொன்னேன். அவர் பூட்டிச் சாவியைத் தன் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டார்.

அது ஒரு டிரிப்போடு நிற்கவில்லை. பின்னாடி, அவர் பக்கத்து ஊருக்குப் போனாலும் பூட்டினார். வீட்டில் இருக்கிற நாட்களிலும் குளிக்க மட்டும் திறந்து விடுவார். நிமிர்ந்து துவட்டுவதற்குள் கையில் அதை வைத்துக்கொண்டு நிற்பார்.

முதலில் இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பித்தளைக் குடம் தூக்கினால் விழுகிற தடம் மாதிரி, போய்விடும் என்று விட்டேன். வெயில் காலம் வந்தபின் அது போகவே இல்லை. எங்கள் பக்கத்து வெயில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் மீறி அடிக்கும். ரப்பருக்கு அடியில் வேர்வை தேங்கியது. வேர்க்குரு வந்தது. அப்புறம் அரிப்பு. விரல் உள்ளே போகாது. தென்னங்குச்சியைத் துணியில் சுற்றி விட்டுத் தேய்ப்பேன். பவுடர் போட்டால் மாவு மாதிரி பிசைந்துகொண்டது. தேங்காயெண்ணெய் விட்டால் ரப்பர் ஊறி இன்னும் ஒட்டியது. பழைய சேலையைக் கிழித்துப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே திணித்து வைத்தேன். அந்தத் துணி நனைந்தால் காயவே காயாது. மாதவிலக்கு நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

மாடு கறக்கக் குந்தி உட்காருவதுதான் பெரிய கஷ்டம். உட்கார்ந்தால் கீழ்ப்பட்டை தொடையிடுக்கை அறுக்கும். பால் சொசைட்டியில் மற்ற பெண்கள் படியில் உட்கார்ந்து பேசும்போது நான் தூணில் சாய்ந்து நிற்பேன்.

"ஏனுங்க, எப்பப் பாத்தாலும் நின்னுட்டே இருக்கறீங்க, கால் வலிக்காதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மூட்டு மடக்க முடியலைங்க," என்றேன். அதிலிருந்து எனக்கு மூட்டுவலிக்காரி என்று பெயர்.

மருந்துக் கடையில் அரிப்பு என்று சொல்லி ஒரு டியூப் வாங்கினேன். பூசியதும் மந்திரம் போட்ட மாதிரி அடங்கியது. தொடர்ந்து பூசினேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, தொட்டாலே உரிந்தது. நீர் வடிந்தது. வாடை வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போனேன். லேடி டாக்டர், மலையாளத்துக்காரர். "கிடக்கு, நோக்கட்டே," என்று படுக்கச் சொல்லித் திரைச்சீலையை இழுத்தார். நான் கட்டிலைத் தொட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "வெளிய யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டாள். "மாப்பிள்ளை வந்ததும் பக்குவமாச் சொல்லு சாமி."

அவர் அப்போது சோலாப்பூரில் இருந்தார். கூப்பிட்டேன்.

"புண்ணாயிருச்சுங்க. சாவிய யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க. உங்க வண்டிக்காரங்க யாராவது இந்தப் பக்கம் வருவாங்கல்ல."

"யார்கிட்டக் குடுக்கறது? என்ன சாவின்னு சொல்றது?" அவர் குரலில் வெட்கம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "லோடு எறக்கிட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் பவுடர் போடு."

காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் கட்டுத்தரையிலேயே விழுந்திருக்கிறேன். அடுத்த வீட்டில் இருந்த என் வீட்டுக்காரரின் அக்காதான் பார்த்துத் தூக்கினார். நான் அவரை நங்கை என்று கூப்பிடுவேன். ஈரத்துணியால் உடம்பு துடைக்கச் சேலையைத் தளர்த்தியவர் கை நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்ன பிள்ள?"

"உங்க தம்பிதானுங்க."

நங்கை எழுந்து போனார். சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு வந்து பூட்டைத் தட்டினார். ஒவ்வொரு தட்டும் புண்ணுக்குள் இறங்கியது. பூட்டு அசையவில்லை. அழுதுகொண்டே ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். அவரிடமிருந்த கருவி எதுவும் அந்த இரும்பைத் தொடவில்லை. மோதிரம் விரலில் இறுகிக்கொண்டால் வெட்ட வருகிற தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள், காக்கி உடுப்போடு. என்மேல் போர்வை போட்டு, வெட்ட வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றே கருவியை எடுத்துக்கொடுத்தார். இரும்பு சூடேறித் தோல் வெந்துவிடாமல் இருக்க நர்ஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பட்டைக்கு அடியில் தகடு செருகியபோது ஒட்டியிருந்த தோலும் கூடவே வந்தது. "கழிஞ்ஞு மோளே, கழிஞ்ஞு," என்று நர்ஸ் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது முடிந்திருக்கவில்லை.

போலீஸுக்கு ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்தது. ஒரு பெண் போலீஸ் வந்து பரிவாகத்தான் கேட்டார், பராதி உண்டா, அதாவது புகார் ஏதும் உண்டா என்று. நங்கை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் தூக்கி வந்தவர் அவர்தான். தம்பியை வளர்த்தவரும் அவர்தான். "உன் இஷ்டம் பிள்ள," என்றார், என்னைப் பார்க்காமல். நான் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதியதை வைத்தே கேஸ் ஆனது.

என் வீட்டுக்காரர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கழுத்தில் சாவி அப்படியே தொங்கியது.

"கொஞ்சம் பொறுத்திருந்தா நானே வந்து தொறந்திருப்பேன்ல," என்றார். "இப்படி ஊரெல்லாம் பாக்கற மாதிரி ஆயிருச்சே."

அவர் உண்மையாகவே அழுதார். கஞ்சி ஆறுகிறது என்றேன்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். புண் ஆறிவிட்டது. இடுப்பைச் சுற்றிக் கறுத்த பட்டை ஒன்று நின்றுவிட்டது. மெதுவாக மங்கும் என்று டாக்டர் சொல்கிறார். வேர்த்தால் அரிக்கிறது. பாவாடை நாடா சரியாக அந்தத் தடத்தில்தான் உட்காருகிறது. அதனால் வீட்டில் எப்போதும் நைட்டிதான். கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேலை கட்டித்தான் போக வேண்டும் என்கிறாள் அம்மா. வீட்டுக்காரர் தரப்பு வக்கீல், இத்தனை காலம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பாராம். நேற்று அம்மா பாவாடையை எடுத்து வந்து, நாடாவைத் தளர்த்தி என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். மேலே தூக்கிக் கட்டினாள், கீழே இறக்கிக் கட்டினாள். எங்கே கட்டினாலும் பட்டது.

"இன்னும் கொஞ்சம் லூசா விடட்டுமா?" என்று கேட்டாள்.

"அவுந்துரும்மா," என்றேன்.

கையில் நாடாவோடு அப்படியே நின்றாள்.