கஞ்சி ஒட்டிய பக்கம்

நல்லதம்பி யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரர் ஊற்றித் தரும் நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பான், மோந்து பார்ப்பான், நாக்கிலும் ஒரு சொட்டு வைப்பான். அப்புறமும் அவன் முகத்தில் தெளிவு வராது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மூன்று மாதமும் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் பிழைப்பு. ஜமீன் கணக்கர், வக்கீல், நெல் வியாபாரி என்று அவன் கைக்கு வராத முதுகு கிடையாது. “வாய் என்னமும் சொல்லும்வே. முதுகு பொய் சொல்லாது” என்பான். பொய் சொல்கிறவனுக்குத் தோள்பட்டையில் ஒரு இறுக்கம் விழுமாம். விழுமோ விழாதோ, நல்லதம்பி தொட்ட தோளில் எல்லாம் விழுந்தது.

அவன் மனைவி சந்தனமாரிக்கு ஊர் வடகரை. அவள் அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். அந்தச் செல்வாக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டாள். மேலகரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். நல்லதம்பிக்கோ தன் பெயரே எழுதத் தெரியாது. தனக்குத் தெரியாத ஒன்று பெண்டாட்டிக்குத் தெரியும் என்பது அவனைப் போன்ற ஆளுக்கு எத்தனை பெரிய அவஸ்தை என்பதை யோசித்துப் பாருங்கள்.

வாசிப்பு வீட்டுக்குள் வந்ததே ஒரு துக்கத்தால்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் குற்றாலத்துப் பேரருவியில் திடீர் வெள்ளம் வந்து, அவர்களுடைய ஐந்து வயது மகள் முருகம்மாளைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நல்லதம்பி பேரருவிப் பக்கம் போகவில்லை. ஐந்தருவிக்குத் தொழிலை மாற்றிக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். சோறு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். மூன்று மாதம் இப்படிப் போனதும் சந்தனமாரி ஒருநாள் தென்காசிக் கடைத்தெருவிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தோடு வந்தாள்.

அங்கே கிதிர் முகம்மது என்று ஒருவர் சாக்கை விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். பெரிய பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கட்டையில் செதுக்கி அச்சடித்த கறுப்புப் படம். ராஜாக்கள், ராட்சசர்கள், நாகலோகத்துப் பெண்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து முதுகு பிரிந்த புத்தகங்களைச் சந்தனமாரி வீட்டுக்குக் கொண்டுவந்து, நூல் கோத்து, சோற்றுக்கஞ்சி தடவி ஒட்டிக் கொடுப்பாள். அதற்குப் பதிலாக, திருப்பித் தரும்வரை வாசித்துக்கொள்ளலாம்.

விளக்கு வைத்ததும் அவள் ராகம் போட்டு வாசிப்பாள். நல்லதம்பி பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பான். பக்கத்தைத் திருப்புகிற அதிகாரம் அவனுடையது. பகலில் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தனியாகவும் எடுத்துப் புரட்டுவான். கேட்ட கதையும் பார்த்த படமும் ஒத்துவருகிறதா என்று சோதிக்க வேண்டாமா?

ஒத்துவரவில்லை. மூன்றாவது புத்தகத்திலேயே பிடித்துவிட்டான்.

“ஏட்டி, நில்லு. இவ போன புஸ்தகத்துல நாகராஜன் மவள்லா? இப்ப எப்படிக் குயவன் பொண்டாட்டி ஆனா?”

“அதே படம்தாங்க. அச்சாபீஸ்காரன்கிட்ட கட்டை நாலஞ்சுதான் இருக்கும். அதையே மாத்தி மாத்திப் போடுதான்.”

“மூக்குத்தியுமா அதே மூக்குத்தி? ஆள் ஒண்ணுதான். நீதான் என்னத்தையோ மாத்திச் சொல்லுத.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பாகப் போயிற்று. எழுத்தில் இருப்பது ஒன்று, இவள் வாய் சொல்லுவது இன்னொன்று என்று அன்றைக்கே அவன் மனதில் முள் விழுந்தது. அதைப் பிடுங்க அவன் முயற்சியும் செய்யவில்லை. சந்தேகம் வந்தபின் அவனுக்குச் சுறுசுறுப்பே கூடிவிட்டது, பாவம்.

முப்பத்தாறாம் வருஷம் வைகாசியில் அவனே நேராகக் கடைத்தெருவுக்கு அவளோடு போனான். சாக்கின் மேல் ஒரு புத்தகம். அட்டையில் யானை ஒன்று மாலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நல்லதம்பிக்கு அது பிடித்துப்போயிற்று.

“இது என்ன கதை?”

“நாடிழந்த ராஜா கதை” என்று சொல்லி, புத்தகத்தை வாங்கி நாலு பக்கம் புரட்டிய சந்தனமாரி சட்டென்று மூடினாள். “இது வேண்டாங்க. வேற எடுங்க.”

“ஏன் வேண்டாம்?”

“நல்லா இல்ல.”

“வாசிக்காமலே நல்லா இல்லன்னு தெரிஞ்சிட்டோ?”

அவள் கிதிர் முகம்மதைப் பார்த்தாள். அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார், அவளைத் திருப்பிப் பார்த்தார். “அதுல கட்டு விட்டிருக்கு நல்லதம்பி. தங்கச்சி ஒட்டி வச்சிரட்டும், நாளன்னைக்கு வாசிங்க. இதத் திருப்பித் தர வேண்டாம். வீட்டுலயே இருக்கட்டும்” என்றார்.

வியாபாரி ஒருவன் சும்மா கொடுக்கிறான்! எண்ணெய்க் கடைக்காரர் ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றினாலே ராத்தூக்கம் கெட்டுப்போகிற நல்லதம்பிக்கு இது எப்படிப் பொறுக்கும்? கண்ணால் பேசிக்கொண்டார்கள், புத்தகமும் கைமாறிவிட்டது. வழி நெடுக அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தான்.

இரண்டு நாளில் புத்தகம் தயாரானது. அவள் நன்றாகத்தான் வாசித்தாள். நாட்டை இழந்த ராஜா பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறான், ஆற்றங்கரைக்கு வருகிறான், ஓடக்காரன் ஒருவன் வந்து இரண்டு பேரையும் அக்கரை சேர்க்கிறான், அங்கே யானை மாலை போட்டு மறுபடி ராஜாவாகிறான். நல்லதம்பி அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான். ஓடக்காரன் வருகிற இடத்தில் அவனுக்கு நெஞ்சு லேசாகும்.

ஆனால் ஓடக்காரனுக்குப் படம் இல்லை. ஒரு பகலில் தனியாகப் புரட்டியபோதுதான் அது உறைத்தது. குதிரைக்குக்கூடப் படம் போட்டவன் ஓடத்துக்கு ஏன் போடவில்லை? விரலால் தடவினான். ஆற்றங்கரைக்கு அடுத்த தாள் மட்டும் தடிமனாக இருந்தது. இரண்டு தாளை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் பிசகாமல், கஞ்சி தடவி ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது.

கடிதம். வேறென்ன இருக்கும்? அந்தப் புத்தகக்காரனுக்கு எழுதத் தெரியும், இவளுக்கு வாசிக்கத் தெரியும், நடுவில் தற்குறியாக ஒரு புருஷன். இனி ஒரு துண்டுக் காகிதம் உள்ளே கிடந்தால் போதும், நாளைக்கே இவளை வடகரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவது என்று முடிவு கட்டினான். பதினோரு வருஷக் குடும்பம் ஒரு தாளின் தடிமனில் நின்றது.

மறுநாள் புத்தகத்தைத் துண்டில் சுற்றி ஐந்தருவிக்கு எடுத்துப்போனான். மத்தியானம் கூட்டம் கலைந்ததும் ஒதுக்குப்புறமான பாறையில் உட்கார்ந்து, அந்தத் தாளை மட்டும் சாரலுக்குக் காட்டினான். கஞ்சிக்கு எவ்வளவு பிடிவாதம் இருக்கும்? கொஞ்ச நேரத்தில் ஓரம் விட்டுக்கொடுத்தது. எண்ணெய் பழகிய விரல்களால் கிழியாமல் பிரித்தான்.

கடிதம் இல்லை. படம்தான் இருந்தது.

வெள்ளத்தில் மார்பளவுக்கு ஒரு மனிதன் நிற்கிறான். இரண்டு கையும் வெறுங்கையாக மேலே நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி, அலைக்கு மேலே, ஒரு சின்னக் கை மட்டும். ஓடமும் இல்லை, ஓடக்காரனும் இல்லை. அவனை வரவழைத்தது சந்தனமாரியின் வாய்தான்.

படத்தில் இருப்பவன் யார் என்று நல்லதம்பி இந்தத் தடவை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளம் வந்த அன்றைக்கு ஒரு வக்கீலின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “இங்கனயே இரி தாயி, அப்பா வந்துருதேன்” என்று சொல்லிப் பிள்ளையைப் பாறையில் உட்கார வைத்தது அவன்தான். இரைச்சல் கேட்டுத் திரும்பியபோது பாறை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. “எங்கவே பாத்துக்கிட்டிருந்தீரு?” என்று ஊரில் பத்துப் பேர் கேட்டார்கள். சந்தனமாரி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறாளோ என்று அதையும் மூன்று வருஷமாகச் சந்தேகப்பட்டவன்தான் அவன்.

அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. வேண்டிய மட்டும் அழுதான்.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேரத்தோடே வீட்டுக்கு வந்தான். சந்தனமாரி தண்ணீருக்குப் போயிருந்தாள். சோற்றுப் பானையிலிருந்து கஞ்சி எடுத்து, ஒற்றை விரலால் தடவி, தாள் இரண்டையும் சேர்த்து ஒட்டினான். எத்தனையோ முதுகைப் பதமாகத் தேய்த்த கை அது. ஆனாலும் ஓரம் ஒரு நூல் அளவு பிசகிவிட்டது. மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்திப் பார்த்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் குழவியை எடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான்.

விளக்கு வைத்ததும், “யானைக் கதையை எடு” என்றான்.

அவள் வாசித்தாள். ராஜா நாட்டை இழந்தான், காட்டில் அலைந்தான், ஆற்றங்கரைக்கு வந்தான். நல்லதம்பி பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். அவளே திருப்பினாள். தாளில் வைத்த விரலை எடுத்து விளக்குக்கு நேரே பார்த்தாள். பிசகிய ஓரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கஞ்சி இன்னும் காயலயே” என்றாள் மெதுவாக.

“காஞ்சிரும்” என்றான் நல்லதம்பி. “நீ வாசி. ஓடக்காரன் வருவாம்லா.”

அவள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். ராகம் உடனே வரவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு ஓடக்காரன் வந்தான், பிள்ளையை முதலில் வாங்கி ஓடத்தில் உட்கார வைத்தான்.