பல் சக்கரத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாக நான் பயந்தது அப்பாவின் லேத்துக்குத்தான். இரும்பு கடையும் அந்த இயந்திரம் தென்காசி வீட்டின் பின்கட்டில் கிடந்தது. காலால் மிதித்துச் சுற்ற வேண்டும். ஓடும்போது கிட்டே போனால் பின்னலை இழுத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இடுப்பைத் தொடும் பின்னல் ஒன்றுதான் என் சொத்து. அதனால் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வேன்.

உலகச் சண்டைக் காலம். சீமைச் சாமான் எதுவும் வராது. தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கு மலையேறும் பஸ் இரண்டு மாதமாகக் கொட்டகையில் நின்றது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் திருகாணி போல மறை போட்ட எஃகுத் தண்டு ஒன்று. அதோடு சேர்ந்து ஓடும் வெண்கலப் பல் சக்கரம் ஒன்று. தண்டு சுற்றிச் சக்கரத்தை நகர்த்தினால்தான் பஸ் திரும்பும். சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கத்தைத் திருப்பிப் போடலாம். அப்படித் திருப்பித் திருப்பிப் போட்டு எல்லாப் பக்கமும் மழுங்கிப்போயிருந்தது. பஸ் முதலாளி அப்பாவிடம் வந்து நின்றார்.

“செஞ்சிரலாம்” என்றார் அப்பா. எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள்.

அப்பா அதே மறையில் வேறொரு எஃகுத் தண்டைக் கடைந்தார். அதில் குறுக்கே வெட்டுப் போட்டு, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதும் அது அரம் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சுற்றவிட்டு, உடைந்த பம்பிலிருந்து எடுத்த வெண்கல வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் நெருக்கினால், தண்டு தனக்கு வேண்டிய பல்லைத் தானே வெட்டிக்கொண்டது. பதினைந்து நாள் வீடெல்லாம் எண்ணெய் வாடை. ஒரு நாள் மத்தியானம் ‘டக்’கென்று ஒரு சத்தம். அப்பாவின் கால் நின்றுவிட்டது. சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

ஆயுத பூஜைக்கு விளக்கும் தாம்பாளமும் துலக்குவது என் வேலை. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் எல்லாம் தங்கமாக மின்னும். பூஜைக்கு வைத்திருந்த ஆயுதங்களோடு அந்தச் சக்கரமும் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. யாரும் சொல்லாமலே அதையும் எடுத்துப் பல் பல்லாகத் தேய்த்தேன். அதிகப்பிரசங்கித்தனம் என்றால் அதுதான். ஒரு பல்லின் அடியில் மட்டும் ஆணியால் கொத்தியது போல ஒரு சின்னப் புள்ளி இருந்தது. பொட்டு வைக்க அப்பாவே இடம் குறித்திருக்கிறார் என்று நினைத்து, சரியாக அந்தப் புள்ளிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பூஜையில் அம்மா கேட்டாள்: “ஏட்டி, இந்த ஒரு பல்லுக்கு மட்டும் என்ன பொட்டு?”

“அப்பாதான் புள்ளி வச்சிருக்காவ.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கற்பூரத்தைப் பார்த்தார். நான் சுண்டலைப் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. விடியுமுன்பே அப்பா கொட்டகைக்குப் போய்ச் சக்கரத்தைப் பூட்டிவிட்டார். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனபோது பஸ் தயாராக நின்றது. ஏறத்தான் ஆள் இல்லை. மூட்டையும் முடிச்சுமாக எல்லோரும் கீழேயே நின்றார்கள்.

“வீட்டுல கடைஞ்ச சக்கரமாமே. புளியரை தாண்டி வளைவுல திரும்பாட்டி எங்கன போய் விழும்? பிள்ளகுட்டிக்காரன்யா நான்” என்றார் ஒரு வெற்றிலை வியாபாரி.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “என் வீட்டுக்காரி கைப்பிள்ளையோட முதல் சீட்டுல வருவா. போதுமா?” என்றார்.

அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் வெற்றிலை வியாபாரி ஏறினார், மற்றவர்களும் ஏறினார்கள். பஸ் புறப்பட்டது. நான் கை தட்டினேன்.

கை தட்டி முடிக்குமுன் முதலாளி அப்பாவிடம் கேட்டார், “தாங்குமா அண்ணாச்சி?”

“தாங்கும். மண்ணு மட்டும் உள்ள போகக் கூடாது. ஒரு பொடி போனாலும் பல்லைத் தின்னுபோடும்.”

செங்கல் பொடி! எத்தனை கை அள்ளித் தேய்த்தேன்! அலசினேன்தான். ஆனால் பல் இடுக்கில் சிவப்பு இருந்ததே, குங்குமத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று ரசிக்க வேறு செய்தேனே!

வீட்டுக்கு வரும் வழியில் மேகம் விலகிக் குற்றாலம் மலை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் அம்மா போய்க்கொண்டிருக்கிறாள். பொடி பல்லைத் தின்றுகொண்டிருக்கும். செங்கோட்டை வரை ஒரு பல், புளியரை வரை இரண்டு பல். வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், பஸ் நேரே போகும். தம்பிக்கு நீந்தத் தெரியாதே என்று கூட நினைத்தேன். அங்கே ஆறு இல்லை, பள்ளம்தான் என்பது எனக்குத் தெரியாது. சொன்னால் அப்பா கொன்றுபோடுவார். சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள். ஊரில் உள்ள சாமியையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சாமியும் கீழே இறங்கி வந்து பஸ்ஸை நிறுத்துகிறாற்போலத் தெரியவில்லை.

அப்பா லேத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். விஜயதசமிக்குத் தொழிலைத் தொட வேண்டும் என்பது வழக்கம், தொட்டதும் எழுந்துவிடுவார். அன்று எழுந்திருக்கவே இல்லை. லேத்தில் எதுவும் மாட்டியிருக்கவும் இல்லை. வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. சோறு ஆறிக் கிடந்தது. மத்தியானம் கழியும்வரை தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. பின்னல் போனால் போகட்டும் என்று லேத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன்.

“அப்பா, சக்கரத்துல நான் ஒண்ணு செஞ்சிட்டேன்.”

கால் நின்றது. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. “என்னட்டி செஞ்ச?”

“செங்கல் பொடி போட்டுத் தேச்சிட்டேன்.” அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். “அவ்வளவுதானா? கழுவாம போடுவேனா, பைத்தியாரி! மண்ணெண்ணெயில மூணு தடவ கழுவி, பல் பல்லாத் தொடச்சுல்லா பூட்டினேன். போ, போய்ச் சாப்பிடு.”

என் பயம் அந்த நிமிஷமே தீர்ந்தது. இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பொடிதான் இல்லையே, இவர் ஏன் இன்னும் சாப்பிட வரவில்லை என்று மட்டும் தோன்றியது. பின்கட்டில் வெறும் லேத்து மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது.

பொழுது சாய பஸ் திரும்பி வந்தது. வெற்றிலை வியாபாரி அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா கடைசியாக இறங்கினாள். தம்பியை என்னிடம் கொடுக்கும்போது அவளுடைய வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. முன்கம்பியைப் பிடித்துப் பிடித்து நிமிர மாட்டாமல் போயிருந்தன.

அப்பாவிடம் அம்மா சொன்னாள்: “நல்லாத்தான் திரும்புது. இனிமே என்னைய ஏத்தாதிய.”

பிசகி மெலிந்துபோன பல்லுக்குத்தான் அப்படிப் புள்ளி குத்தி அடையாளம் வைப்பார்கள் என்பதும், அந்தப் பல் தண்டில் படாத பக்கமாகப் பார்த்துப் பூட்டுவார்கள் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். ஒரு பல் பிசகிய சக்கரத்தில் மற்ற பற்கள் எப்படி என்று மலை ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நான் வைத்த பொட்டின் புண்ணியத்தில் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? தம்பி வழியெல்லாம் அழுதிருப்பான், அந்தக் கோபம் என்றுதான் நினைத்தேன். அம்மாவைச் சமாதானப்படுத்தலாம் என்று, “அடுத்த தடவ நான் போறேம்மா” என்றேன்.

“வேண்டாம்” என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.