பெரும்பான்மை இல்லாத மாதம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் டைப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வருடமாகத் தட்டச்சு வேலை. அதில் கடைசி ஆறு வருடம் குடும்பம் ஓர் ஊரில், அவள் தலைநகரில். இரண்டு வருடத்துக்கு முன் புருஷன் பக்கவாதத்தில் விழுந்தான். வலது கையும் பேச்சும் போயின. நாத்தனார்தான் வந்து பார்த்துக்கொள்கிறாள். சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு டைப்பக்கா கொடுத்த மனு எல்லா மேசையும் ஏறி இறங்கி, மந்திரியின் கையெழுத்துக்காக நின்றது. ஒரு தட்டச்சருக்கு மந்திரி கையெழுத்து எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கே வாய் வலித்துவிட்டது.

தேர்தலுக்கு முந்தின வாரம், "இன்னிக்கே கையெழுத்து வாங்கிடவாம்மா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று தடுத்தவள் அவளேதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய பயம் உண்டு: ஆட்சி முடியும் மாதத்தில் போட்ட உத்தரவை, அடுத்து வருகிறவர் முதல் வேலையாக ரத்து செய்வார். புது ஊருக்குப் போன வேகத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். யார் ஜெயித்தாலும் சரி, புதிதாக வருகிறவர் போட்டால் நிலைக்கும் என்று நினைத்தாள்.

யாருமே ஜெயிக்கவில்லை. பெரிய கட்சிக்குப் பதினான்கு இடம் குறைந்தது. அடுத்த கட்சிக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. இதுவரை எவரும் சீந்தாத குட்டிக் கட்சித் தலைவர் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்துகொண்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தொலைக்காட்சிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். நாங்களும் முதல் வாரம் யாரோடு யார் சேருவார் என்று பேசிப் பொழுதைப் போக்கினோம். இரண்டாவது வாரம் அதுவும் சலித்துப்போனது.

புதிய ஆட்சி அமையும்வரை இடமாற்றக் கோப்பு எதுவும் மேலே அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. அதை அடித்ததும் டைப்பக்காதான். பிழையில்லாமல் அடித்து, நாற்பது பிரதி எடுத்து, மேசை மேசையாகக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்கு மனசே ஆறவில்லை.

மூன்றாவது வாரம் நாத்தனார் போன் செய்தாள். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டதாம், அங்கே போயாக வேண்டுமாம்.

"நானும் எவ்வளவுதான் தாங்குவேன் அண்ணி? முந்தாநாள் அண்ணனைத் தூக்கும்போது ரெண்டு பேருமா விழுந்துட்டோம். வெள்ளிக்கிழமைக்கு மேல என்னால முடியாது."

அவளைக் குறை சொல்ல நாக்கு வருமா? கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் இவ்வளவு செய்வார்கள்? டைப்பக்காவின் விடுப்பெல்லாம் போன வருடமே தீர்ந்திருந்தது.

வியாழக்கிழமை காலை கண்காணிப்பாளர் முன்னால் ஒரு தாளை வைத்தாள். ராஜினாமா. அவர் இரண்டு தடவை படித்தார். நாளைக்கே பேச்சுவார்த்தை முடிந்துவிடும் என்கிறார்கள், இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார் என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"நான் பொறுப்பேன் சார். அவரைத் தூக்கி உட்கார வைக்க அங்க ஆள் இல்லையே. இதுக்கும் மந்திரி கையெழுத்து வேணுமா?"

"வேண்டாம்மா," என்றார், தலை நிமிராமல். "நானே போடலாம்."

போட்டார். முத்திரையும் குத்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினேழு வருடத்தில் அவள் தனக்காகக் கொடுத்த காகிதங்களில், கொடுத்த அன்றே நகர்ந்தது அது ஒன்றுதான்.