கரங்கானுக்குக் கொண்டுபோன பூண்டு

காலை ஏழு மணிக்குத் தைப்பிங்கில் ரயில் ஏறினேன். புக்கிட் மெர்தாஜம் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பையில் ஒரு கிலோ இந்தியப் பூண்டு, ஒரு போத்தல் நல்லெண்ணெய், என் வீட்டு இரும்புச் சட்டி. பாசாரில் பூண்டு கிலோ பதினெட்டு ரிங்கிட். சீனப் பூண்டு அதில் பாதி விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் அது தண்ணீர்ப் பூண்டு, சுட்டால் களியாகிவிடும். பிள்ளை பெற்றவளுக்கு அதையா கொடுப்பது?

பிள்ளை பெற்றவள் என் மகள் கவிதா. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். அவள் தாய் போய்ச்சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஆகவே பிரசவம் மாமியார் வீட்டோடு, கரங்கானில். தீட்டுக் கழித்ததும் பெண்ணையும் பேரனையும் அனுப்பிவையுங்கள், மீதிப் பந்தாங்கை, பிரசவப் பத்தியத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்குச் சம்பந்தியம்மா போனிலேயே சிரித்தார்.

"பொம்பளை இல்லாத வீடு அண்ணே. நீங்க என்ன பந்தாங் பாப்பீங்க? சோறு வடிக்கத் தெரியுமா?"

"நான் வந்து பத்தியம் சமைக்கிறேன். அவ சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

"வாங்க லா. அவ வர்றேன்னா நான் தடுக்கல."

அதற்குத்தான் இந்தப் பயணம்.

மருமகனுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அழைத்துப்போக வர முடியவில்லை. ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல், நாற்பத்தைந்து ரிங்கிட். ஓட்டியவன் நம் தமிழ்ப் பையன். கூலிம் டவுன் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் நெருங்கி வந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"அங்கிள், கெரேட்டா முழுக்கப் பூண்டு வாசம். விருந்தா?"

"மகளுக்குப் பந்தாங்."

"ஆன்ட்டி முன்னாடியே போயிட்டாங்களா?"

"ஆமா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதில் தப்பில்லை. ஆனாலும் வழி முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குக் கரங்கான். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தாமானில் கடைசிக்கு முந்தின வீடு. தீட்டு முடியவில்லை, ஆம்பளை அறைக்குள் போகக் கூடாது என்று சம்பந்தியம்மா ஹாலிலேயே நிறுத்திவிட்டார். கதவு சாத்தியிருந்தது. பேரனின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. சரி, நேரே அடுப்புக்கே போகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டேன்.

கவிதாவுக்கு நான் வெந்நீர் வைத்தே தெரியாது. அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் அவள் அம்மா படுத்தாள். படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல நான் அடுப்பைக் கற்றுக்கொண்டேன். முதலில் கைக்குப் படிந்தது பூண்டு. இன்றும் அதேபோல் தோலோடு பற்களை எண்ணெயில்லாச் சட்டியில் போட்டு, குறைந்த தீயில் புரட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு இறக்கிச் சற்று மூடிவைத்துவிட்டுப் பிதுக்கினேன். பாதியைச் சுடுசோற்றில் நல்லெண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிசைந்தேன். மீதியை மசித்து, கொதி அடங்கிய மிளகுக் குழம்பில் கரைத்தேன். காரமும் புளிப்பும் அதில் அமர்ந்துவிடும். தட்டைச் சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டு வழித்த மாதிரி இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாமாம். கவிதா தலையில் துண்டு கட்டி, பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். முகத்தில் தெளிவு இருந்தது.

"எப்பப்பா வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே பேசிக்கொண்டு போனாள்.

"அத்தை சுட்ட பூண்டு சாப்பிட்டுப் பாருங்கப்பா. மொதல்ல கருகிக் கசந்துச்சி, முழுங்கவே முடியல. இன்னைக்கு அம்மா சுடுற மாதிரியே இருந்திச்சி. நான் இங்கயே இருந்துக்கிறேன்பா. அங்க வந்தா உங்களுக்கும் கஷ்டம், சுசாதானே?"

சம்பந்தியம்மா என் பின்னால்தான் நின்றார். மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ரயில் டிக்கெட் எடுத்து வந்து செய்திருக்கிறேன். தைப்பிங்கில் தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டியாயிற்று. சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மாமியார் ஏமாற்றுக்காரி என்றாகும். நான் சாயங்கால ரயிலில் போய்விடுவேன். அந்த மாமியாரோடு அந்த வீட்டில் இருக்கப்போவது என் மகள்.

"நல்லா சாப்பிடுமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான்கு மணிக்குக் கார் வந்தது. சம்பந்தியம்மா கேட் வரை வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"அண்ணே, அது எப்படிக் கருகாம வருது? நாளைக்கும் கேப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. தீயை நன்றாகக் கூட்டி வையுங்கள், கருக்கக் கருக்கச் சுடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். இரண்டு நாள் கசந்தால் கவிதா பெட்டியைக் கட்டிவிடுவாள். பேரன் என் வீட்டுத் தொட்டிலில் கிடப்பான்.

ஆனால் அந்த இரண்டு நாளும் அதைத் தின்னப்போவது யார்? பச்சை உடம்புக்காரி.

"வாசம் வந்ததும் அடுப்ப நிறுத்திடணும் சம்பந்தி. வெந்துடுச்சான்னு பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது, அதுலதான் கருகுது. இறக்கி மூடி வைங்க. மீதிச் சூட்டுல தானா வெந்துக்கும்."

சம்பந்தியம்மா தலையாட்டினார். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணே" என்றார்.

சொன்னேன்.