நானூறு பேருக்குப் போன துஆ

பள்ளிவாசலில் பெண்கள் பகுதிக்குப் பக்கத்தில் பழைய பாய்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கூட்டித் துடைத்து ஆலோசனை அறையாக்கியவர் நர்ஸ் அக்கா. மனநல வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவர் மறுத்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை, பஸ் டிரைவர் ஒருவர் பதினாறு வயது மகளை அழைத்து வந்தார். மூன்று மாதமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டியும் பலனில்லை.

“அல்லா மேல இருக்கிற ஈமான் குறைஞ்சிடுச்சுக்கா. கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க.”

“யஃகூப் நபிக்கு, காணாமப் போன மகனை நினைச்சு அழுதே கண்ணு போச்சு. அவருக்கும் ஈமான் குறைவா? வெளியில உட்காருங்க.”

மூன்றாவது வாரம்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் முகத்தை வெட்டி ஒட்டிக் கேலிப்படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவளுடைய உயிர்த்தோழியும் ஒருத்தி.

“தொழுதாலும் உள்ள ஒண்ணுமே வரல. அல்லாவுக்கும் என்னைப் பிடிக்கலையோ.”

“வரலைன்னா வரலைன்னு அவன்கிட்டயே சொல்லு. அதுவும் துஆதான். டாக்டரையும் பார்க்கணும். மாத்திரை சாப்பிடறதுல பாவம் ஒண்ணும் இல்ல.”

அவள் தலையாட்டினாள். அடுத்த வாரம் வரவில்லை.

டிரைவர் மனசு கேட்காமல் பள்ளிவாசல் செயலாளரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் உடனே ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: ‘நம்ம டிரைவர் மகளுக்கு மனநோய். எல்லாரும் துஆ செய்யவும்.’ நானூறு பேர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அது வகுப்புக் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது.

நர்ஸ் அக்கா நேராகச் செயலாளரின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். கீல் வாங்க வந்தவர் ஒதுங்கி நின்றார்.

“அமானிதம், நம்பிச் சொன்னதைக் காப்பாத்தணும்னு மைக்குல அரைமணி நேரம் பேசுனீங்களே, அது யாருக்கு?”

“நல்ல எண்ணத்துலதாம்மா போட்டேன்.”

“வகுப்புப் பசங்க படத்தைப் போட்டாங்க. நீங்க நோயைப் போட்டீங்க. அவங்களுக்கு வயசு பதினாறு. உங்களுக்கு அறுபது.”

செயலாளர் பதிவை அழித்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னதும், “கமிட்டியில பேசிக்கலாம்” என்றார். பள்ளிவாசல் அறைச் சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டு அக்கா வெளியேறினார்.

டிரைவர் தன் வீட்டு வாசலில் அக்காவைப் பார்த்ததுமே அழுதார். “நானே கெடுத்துட்டேனேக்கா.”

“அழறதை அப்புறம் வச்சுக்கோங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். லீவு சொல்லுங்க.”

பிறகு அக்கா, மகளின் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். “அங்க சொல்றது வெளிய போகாதுன்னு சொன்னது நான்தாம்மா. உங்க வாப்பாகிட்டயும் அதைச் சொல்லி வச்சிருக்கணும். சொல்லல. என்னை மன்னிச்சிடு.”

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

மாத்திரை பலன் தர ஆறு வாரம் ஆனது. பள்ளிக்கூடம் மாற்றினார்கள். சில நாள் இன்னமும் அவள் படுக்கையை விட்டு எழுவதில்லை. அப்போது டிரைவர் தன் போனை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அவளும் வேறு மூன்று பிள்ளைகளும் நர்ஸ் அக்கா வீட்டு அடுக்களைக்கு வருகிறார்கள்.

செயலாளர் தெருவில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்கிறார். அக்காவும் பதில் ஸலாம் சொல்கிறார்.

“அது கடமை,” என்கிறார். “அதுக்கு மேல அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை கிடையாது.”